மைனஸ் 30 இரவும் ட்ரக் எஞ்சினும்: வாசகர் கேள்வி – பதில்

வடக்கு ஒன்ராறியோவுக்கும் மனிற்றோபாவுக்கும் அதற்கு அப்பாலும் பாரவூர்தி ஓட்டப் போகிற நம்மவர்களிடமிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் நவம்பர் பிறந்தவுடன் ஒரே விடயத்தையே சுற்றி வருகின்றன. ஆகவே இந்த இதழை முழுமையாக, நிறுத்திய எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கும் புளொக் ஹீற்றருக்கே ஒதுக்குகிறேன். டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில், அதுவும் வடக்கில், பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஹமில்ரன், விண்ட்சர், மொன்றியல் என்று இரண்டு வருடம் ஓடினேன். அடுத்த மாதத்திலிருந்து வின்னிபெக் ஓட்டம் கிடைத்திருக்கிறது. இதுவரை ஒருநாளும் புளொக் ஹீற்றரைச் செருகியதில்லை; ஆனாலும் காலையில் ட்ரக் ஸ்ராட் ஆகாமல் விட்டதில்லை. கம்பனியில் உள்ள மூத்த ஓட்டுநர்களோ "செருகாமல் படுக்காதே" என்கிறார்கள். அது உண்மையில் என்ன செய்கிறது? அவ்வளவு அவசியமா? – வாசகர், ஸ்காபரோ

பதில்: மூத்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ரொறன்ரோவின் குளிரை வைத்து வின்னிபெக்கின் குளிரைக் கணக்கிட முடியாது. ரொறன்ரோவில் மைனஸ் 20 வந்தால் அது செய்தி. வின்னிபெக்கில் ஜனவரி மாதத்து இரவொன்றுக்கு அது சாதாரணம், மைனஸ் 30க்குக் கீழே இறங்கும் இரவுகளும் ஒவ்வொரு வருடமும் வரும். நெடுஞ்சாலை 11இல் கொக்றேன், கப்புஸ்கேசிங், ஹேர்ஸ்ட் பக்கமும் இதே நிலைதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. டீசல் தானாகப் பற்றுவதற்கு ஏறத்தாழ 210 பாகை சூடு வேண்டும். சூடாக இருக்கும் எஞ்சினில் நெருக்கப்பட்ட காற்று 500 பாகையைத் தாண்டிவிடுவதால் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இரவு முழுவதும் மைனஸ் 30இல் கிடந்த எஞ்சினில் உள்ளே வரும் காற்றும் குளிர், அதைச் சுற்றியுள்ள ஒரு தொன்னுக்கு மேற்பட்ட இரும்பும் குளிர். பிஸ்ரன் காற்றை நெருக்கி உண்டாக்கும் சூட்டைச் சிலிண்டர் சுவர்கள் அந்தக் கணத்திலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. மெதுவாகச் சுற்றுகிற எஞ்சினில் அப்படி உறிஞ்சுவதற்கு நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. காற்றும் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கசிகிறது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாகப் புகைபோக்கியால் வெளியேறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எஞ்சின் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று எண்ணெய். இங்கே பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ–40 ரக எண்ணெய் குளிரில் எஞ்சினைச் சுற்றவிடாமல் எவ்வளவு தடித்துப்போகிறது என்பது மைனஸ் 20 பாகையில்தான் பரிசோதிக்கப்படுகிறது. அதற்குக் கீழே அது ஸ்ராட்டருக்கு இடங்கொடுக்கும் என்று எவரும் உறுதி தந்ததில்லை. மற்றது பற்றறி. ஈய அமிலப் பற்றறியொன்று மைனஸ் 18 பாகையில் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. எஞ்சின் கூடுதலான வலுவைக் கேட்கும் அதே வேளையில் பற்றறி பாதியைத்தான் தருகிறது. இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதால்தான், மைனஸ் 12இல் முணுமுணுக்காமல் எழும்பிய ட்ரக், மைனஸ் 30இல் அசைய மறுக்கிறது.

புளொக் ஹீற்றர் மிக எளிமையான பொருள். எஞ்சின் கட்டையில் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் அறைக்குள் செருகப்பட்ட ஒரு மின்சூட்டுக் கம்பி, அவ்வளவுதான். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கேத்திலின் அடியில் இருப்பதும் அதுவே. அது கூலன்ற்றைச் சூடாக்குகிறது, சூடான கூலன்ற் மேலே எழும்பிச் சிலிண்டர் சுவர்களையும் தலைப்பகுதியையும் சூடாக்குகிறது. வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் எஞ்சின் தலைப்பகுதியின் போல்ற்றுக்குப் பதிலாகப் பொருத்தும் ஹீற்றருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். அந்த ஊர் வின்னிபெக்கிலிருந்து எல்லை தாண்டினால் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்தப் பொருள் பிறக்க வேண்டிய இடத்தில்தான் பிறந்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். சூடு மேலே போகிறது என்பதால், எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தட்டில் கிடக்கும் நாற்பது லீற்றர் அளவான எண்ணெய்க்குப் புளொக் ஹீற்றரால் கிடைக்கும் பயன் குறைவு. ஆகவே மேற்கே போகத் தொடங்குவதற்கு முன், உங்கள் எஞ்சின் தயாரிப்பாளர் அனுமதித்தால், 5டபிள்யூ–40 அல்லது 0டபிள்யூ–40 செயற்கை எண்ணெய்க்கு மாறுவது குறித்துக் கம்பனியிடம் கேளுங்கள். 5டபிள்யூ எண்ணெய் மைனஸ் 30 பாகையிலும் 0டபிள்யூ எண்ணெய் மைனஸ் 35 பாகையிலும் பரிசோதிக்கப்படுகின்றன. எண்ணெய்த் தட்டின் வெளிப்புறத்தில் ஒட்டும் சூட்டுத் தகடுகளும் கிடைக்கின்றன. மைனஸ் 35ஐ அடிக்கடி காண்பவர்கள் புளொக் ஹீற்றரையும் இந்தத் தகட்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: புளொக் ஹீற்றரை எத்தனை மணி நேரம் செருகி வைக்க வேண்டும்? இரண்டு மணி நேரம் போதும் என்று ஒருவர் சொல்கிறார், இரவு முழுவதும் என்று இன்னொருவர். மின்கட்டணம் என் தலையில். – வாசகர், பிரம்ரன்

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை; ஒருவர் காரைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் ட்ரக்கைப் பற்றிச் சொல்கிறார். காருக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். 13 அல்லது 15 லீற்றர் எஞ்சினுக்கு அது போதாது, ஏன் என்பதைச் சிறிய கணக்கொன்றால் காட்டலாம்.

பெரிய ட்ரக் எஞ்சினின் இரும்பையும் அதனுள் நிற்கும் கூலன்ற்றையும் ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 650 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1,500 வாற் ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் 5,400 கிலோஜூல் தருகிறது. அப்படியானால், வெளியே ஒரு துளி வெப்பமும் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு எட்டுப் பாகைதான் ஏறும். உண்மையில் பொன்னெற்றுக்கு அடியால் வெப்பம் போய்க்கொண்டேயிருக்கும். ஆகவே மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் செருகினால் மைனஸ் 30இல் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. நான்கு மணி நேரம் என் பரிந்துரை. காற்று வீசும் இரவானால் ஐந்து. அதற்குப் பின்னர் எஞ்சின் பெறும் வெப்பமும் இழக்கும் வெப்பமும் ஏறக்குறையச் சமமாகிவிடும், மேற்கொண்டு ஓடும் மின்சாரம் வளவிலுள்ள பனியைத்தான் சூடாக்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 1,500 வாற் ஹீற்றர் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 18 அலகு, நான்கு மணி நேரம் ஓடினால் 6 அலகு. உங்கள் மின்பட்டியலில் இருக்கும் விலையால் பெருக்கிப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்படுபவர் இரவு ஒரு மணிக்கு எழும்பிச் செருக முடியாது என்பதற்காகவே ரைமர் இருக்கிறது. ஆனால் நத்தார் விளக்குக்கு விற்கப்படும் மலிவான ரைமரை வாங்க வேண்டாம். 15 அம்பியர் தாங்கும், வெளிப்புறப் பாவனைக்கென்று எழுதப்பட்ட ரைமராக இருக்க வேண்டும். இரவில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் சில ரைமர்களின் மணிக்கூடு பிந்திவிடும் என்பதால், கடுங்குளிர் எச்சரிக்கை வந்த இரவுகளில் ரைமரை நம்பாமல் நேரடியாகச் செருகி விடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வின்னிபெக், சஸ்கற்றூன் போன்ற நகரங்களின் சில வாகனத் தரிப்பிடங்களில் சொக்கற்றுகளுக்கு மின்சாரம் விட்டு விட்டுத்தான் வரும். இருபது நிமிடம் வந்து இருபது நிமிடம் நிற்கும் ஏற்பாடுகளும் உண்டு. அங்கே நான்கு மணி நேரக் கணக்கை எட்டு மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஓஷாவாவுக்கு வடக்கே, கொஞ்சம் காணியுள்ள வீட்டில் இருக்கிறோம். என் கணவர் தன் ட்ரக்கை வளவின் கோடியில் நிறுத்திவிட்டு, கராஜிலிருந்து நீளமான செம்மஞ்சள் எக்ஸ்ரென்ஷன் வயர் ஒன்றை இழுத்துச் செருகுகிறார். போன குளிர்காலத்தில் அந்த வயரைத் தொட்டபோது இளஞ்சூடாக இருந்தது. இரண்டு முறை பிரேக்கரும் விழுந்தது. அவர் "ஒன்றுமில்லை" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. – வாசகி, ஓஷாவா அருகில்

பதில்: சகோதரி, உங்கள் பயம் மிகவும் நியாயமானது. இந்தப் பதிலை உங்கள் கணவரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

புளொக் ஹீற்றரால் ஏற்படும் தீவிபத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஹீற்றரையே சந்தேகிக்கிறார்கள். ஹீற்றரோ எஞ்சினுக்குள் கூலன்ற்றில் மூழ்கிக் கிடக்கிறது. நான் பட்டறையில் கண்டவற்றில் கருகியது பெரும்பாலும் வயரும் பிளக்கும்தான். 1,500 வாற் ஹீற்றர் 120 வோல்ற்றில் 12.5 அம்பியரை இழுக்கிறது, அதுவும் நிமிடக் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செம்மஞ்சள் வயர்களிற் பல 16 கேஜ் தடிப்பானவை. அப்படியான வயர் 30 மீற்றர் நீளமாக இருந்தால், அதன் தடையால் ஏறத்தாழ 10 வோல்ற் வழியிலேயே போய்விடும், 120 வாற் அளவான வெப்பம் அந்த வயரிலேயே வெளிப்படும். நீங்கள் தொட்டுணர்ந்த இளஞ்சூடு அதுதான். மிஞ்சிய வயரைச் சுருட்டிப் போட்டிருந்தால் அந்தச் சுருளுக்குள் வெப்பம் தேங்கி வயரின் உறையை இளக்கும்.

கேஜ் எண் குறையக் குறைய வயரின் தடிப்புக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். வளவின் கோடிவரை போக வேண்டுமானால் 12 கேஜ் வயர் வாங்குங்கள்; அல்லது 10 கேஜ். அதே 30 மீற்றரில் 12 கேஜ் வயரில் வெளிப்படும் வெப்பம் 50 வாற் அளவுக்கு இறங்கிவிடும், அதுவும் முழு நீளத்துக்கும் பரவியிருக்கும். குளிரில் விறைத்து வெடிக்காத உறை கொண்டதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, ட்ரக்கை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து, நீளத்தைக் குறைப்பது. காணி உள்ள உங்களுக்கு அது முடியும் என்று நினைக்கிறேன்.

பிரேக்கர் விழுவது இன்னொரு பிரச்சினை. நீண்ட நேரம் ஓடும் சுமையைப் பிரேக்கரின் அளவில் 80 வீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது மின்வேலையாளர்களின் விதி. 15 அம்பியர் பிரேக்கருக்கு அது 12 அம்பியர். ஹீற்றர் ஒன்றே அதைத் தாண்டுகிறது. அதே சுற்றில் கராஜின் விளக்கோ குளிர்சாதனப் பெட்டியோ சேர்ந்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும், விழுவது அதன் கடமை. பிரேக்கரைப் பெரிதாக மாற்றிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்க வேண்டாம். சுவருக்குள் இருக்கும் வயர் அந்தப் பெரிய பிரேக்கருக்கு ஏற்ற தடிப்பில் இல்லாவிட்டால் நெருப்பு வீட்டுக்குள் வந்துவிடும். உரிமம் பெற்ற மின்வேலையாளரைக் கொண்டு, ஹீற்றருக்கென்று தனியான 20 அம்பியர் சுற்றும் ஜி.எப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும்) பாதுகாப்புள்ள வெளிப்புறச் சொக்கற்றும் போடுவதுதான் சரியான வழி. ஜி.எப்.சி.ஐ. அடிக்கடி விழுந்தால் மின்சாரம் எங்கோ நிலத்துக்குக் கசிகிறது என்று பொருள். பிளக்கின் மூன்றாவது காலை முறித்துவிட்டுச் செருகுகிற பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஈரமான பனியில் நின்றுகொண்டு ட்ரக்கின் உலோகத்தைத் தொடுகிற ஒருவரின் உயிரை அந்தக் கால்தான் காக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பட்டறைக்கு வந்த ஒரு ட்ரக்கின் பிளக்கை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று கால்களில் ஒன்று மட்டும் நீலம் பாரித்து, அதைச் சுற்றியுள்ள கறுப்பு றப்பர் ஒரு பொத்தான் அளவுக்குப் பழுப்பாகி, குமிழ் விட்டு, மீண்டும் இறுகியிருக்கிறது. மற்ற இரண்டு கால்களும் புதிது போல இருக்கின்றன. வீதியில் தூவும் உப்பு அந்த ஒரு காலில் பச்சையாகப் பூத்திருந்தது, தொடுகை கெட்டது, கெட்ட தொடுகை சூடானது. ஓட்டுநர் அதைக் கண்டது தற்செயலாக, பம்பரில் வந்த மணத்தால். உங்கள் கணவர் பிளக்கின் கால்களை மாதம் ஒருமுறையாவது துடைத்து, மின்தொடுகைக்கான கிறீஸ் சிறிது பூசி, ஓட்டத்தின்போது மூடியைப் போட்டுக்கொள்ளட்டும். எக்ஸ்ரென்ஷன் வயரும் ட்ரக்கின் வயரும் சந்திக்கும் இடம் பனியில் புதையாமல், கண்ணாடித் தண்டிலோ பம்பரிலோ தொங்கட்டும்.

கேள்வி: எங்கள் வளவில் ட்ரக்கை இரவு முழுவதும் செருகி வைத்திருந்தேன். காலையில் செருகாத ட்ரக் போலவே திணறியது. ஹீற்றர் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? – வாசகர், வின்னிபெக்

பதில்: முதலில் காதைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் நிறுத்தி ஆறியிருக்கும்போது பிளக்கைச் செருகி, சில நிமிடம் பொறுத்துப் பொன்னெற்றுக்குள் தலையை நீட்டிக் கேட்டால், கேத்தில் கொதிப்பதற்கு முன் வருகிற மெல்லிய இரைச்சல் கேட்கும். வளவில் வேறு எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தால் இது கேட்காது. அப்போது ஒரு மணி நேரம் கழித்து ஹீற்றர் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கலாம்.

உறுதியாக அறிய மல்ரிமீற்றர் வேண்டும். பிளக்கைச் சொக்கற்றிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரண்டு தட்டைக் கால்களுக்கிடையே தடையை அளவுங்கள். 1,500 வாற் ஹீற்றரானால் 9.6 ஓம், 1,000 வாற் ஆனால் 14.4 ஓம், பிக்கப் ட்ரக்குகளில் இருக்கும் 750 வாற் ஹீற்றரானால் 19.2 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஓர் ஓம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. மீற்றர் எல்லையற்ற தடையைக் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. அவசரப்பட்டு ஹீற்றரை மாற்ற வேண்டாம். பல ட்ரக்குகளில் வயரை ஹீற்றரிலிருந்து தனியாகக் கழற்றலாம். கழற்றி, ஹீற்றரின் முனைகளில் நேரடியாக அளந்து பாருங்கள். பெரும்பாலும் வயர்தான் போயிருக்கும், அதன் விலையும் வேலையும் குறைவு. அடுத்து, தட்டைக் கால் ஒவ்வொன்றுக்கும் வட்டமான நிலக்காலுக்கும் இடையே அளவுங்கள். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ஹீற்றரை இனிச் செருகவே வேண்டாம்.

புதிய ஹீற்றர் போட்டால் ஒரு விடயத்தில் மிகவும் கவனமாயிருங்கள். மாற்றும்போது கூலன்ற்றை வடிக்கிறோம், மீண்டும் நிரப்பும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. எஞ்சினை ஓடவிட்டு அந்தக் காற்று முழுவதும் வெளியேறிய பின்னரே ஹீற்றரைச் செருக வேண்டும். கூலன்ற்றில் மூழ்காமல் காற்றில் நிற்கும் கம்பி சில நிமிடங்களில் எரிந்துவிடும். "நல்லதா என்று பார்ப்போம்" என்று கையில் வைத்துக்கொண்டே செருகிப் பார்த்துப் புத்தம் புதிய ஹீற்றரைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். கூலன்ற்றைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் கலக்காத தனிக் கிளைக்கோல் (கூலன்ற்றின் மூலப்பொருள்) கூடுதலாகத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அது மைனஸ் 13 அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். மனிற்றோபாவுக்கு 60 பங்கு கிளைக்கோல், 40 பங்கு தண்ணீர் பொருத்தம்.

கேள்வி: வானிலையில் மைனஸ் 22, காற்றோடு சேர்த்து மைனஸ் 38 என்கிறார்கள். எஞ்சினுக்கு நான் எந்த எண்ணைப் பார்ப்பது? – வாசகர், மார்க்கம்

பதில்: மைனஸ் 22ஐப் பாருங்கள். காற்றுக்குளிர் என்பது மனிதத் தோல் உணர்வதைக் குறிக்கும் எண். எவ்வளவு காற்று வீசினாலும் எஞ்சின் மைனஸ் 22க்குக் கீழே போகாது. அந்த நிலைக்கு விரைவாக வந்து சேரும், அவ்வளவே. எனினும் ஹீற்றர் தரும் வெப்பத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும் என்பதால், முகப்பைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்த வேண்டாம். முகப்புச் சட்டத்தை மூடும் குளிர்கால உறையும் உதவும்.

கேள்வி: கென்ரக்கியில் இரண்டு தாங்கிகளையும் நிரப்பிக்கொண்டு மினசோற்றா வழியாக தண்டர் பே வந்தேன். இரவு மைனஸ் 28. புளொக் ஹீற்றரைச் செருகித்தான் படுத்தேன், காலையில் ஒரே சுற்றில் ஸ்ராட் ஆனது. ட்ரைடன் நோக்கிப் புறப்பட்டு இருபது கிலோமீற்றர் தாண்டவில்லை, வலு குறைந்து வீதியோரத்தில் நின்றுவிட்டது. ஹீற்றரைச் செருகியும் ஏன் இப்படி? – வாசகர், மிசிசாகா

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே காரணம் இருக்கிறது. புளொக் ஹீற்றர் எஞ்சினைத்தான் சூடாக்குகிறது. தாங்கியில் கிடக்கும் டீசலை அது தொடுவதே இல்லை. டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் அது முதலில் பனிமூட்டம் போலக் கலங்கி, பின்னர் சிறு படிகங்களாகி பில்ரரை அடைக்கிறது. சாதாரண இரண்டாம் இலக்க டீசலுக்கு அந்தக் கலங்கல் தண்ணீரின் உறைநிலைக்குச் சில பாகை கீழேயே தொடங்கிவிடும். கனடாவில் குளிர்காலத்தில் விற்கப்படும் டீசல் அந்தந்தப் பிரதேசத்தின் குளிருக்கும் மாதத்துக்கும் ஏற்பத் தயாரிக்கப்படுகிறது. கென்ரக்கியின் டீசல் கென்ரக்கியின் குளிருக்கு. குழாய்களிலும் பில்ரரிலும் இருந்த கொஞ்ச டீசலில் எஞ்சின் எழும்பி ஓடியது, தாங்கியிலிருந்து மெழுகு வந்து சேர்ந்ததும் நின்றது.

தெற்கிலிருந்து வடக்கே வரும்போது தாங்கியை முழுமையாக நிரப்பாமல், எல்லைவரை போதுமானதை நிரப்பி, குளிருக்குள் நுழைந்ததும் அங்குள்ள குளிர்கால டீசலை நிரப்புங்கள். மெழுகைத் தடுக்கும் கலவையை ஊற்றுவதானால் டீசல் கலங்குவதற்கு முன், தாங்கியில் டீசல் விழும்போதே ஊற்ற வேண்டும். உறைந்த பின் ஊற்றினால் அது கலக்காது, அதற்கென்று வேறு அவசர மருந்து இருக்கிறது. ஒரு புதிய பில்ரரையும் அதைக் கழற்றும் சாவியையும் கபினுக்குள், சூட்டில், வைத்திருங்கள். எந்த நிலையிலும் தாங்கிக்கு அடியில் நெருப்புக் காட்ட வேண்டாம்.

இதே வாசகர் டெஃப் திரவம் (டீசல் புகையைச் சுத்திகரிக்கத் தனித் தாங்கியில் ஊற்றும் திரவம்) குறித்தும் கேட்டிருக்கிறார். அது மைனஸ் 11இல் உறைந்துவிடும், உறைவது பிழையல்ல. எஞ்சின் எழும்பிச் சூடானதும் அதன் கூலன்ற்றே அந்தத் தாங்கியை உருகவைக்கும். உறையும்போது பருமன் கூடுவதால் அந்தத் தாங்கியை விளிம்புவரை நிரப்பாமல் விட்டால் போதும்.

கேள்வி: நெடுஞ்சாலையோரத்தில் படுக்கிற எங்களுக்குச் செருகுவதற்குச் சொக்கற் எங்கே இருக்கிறது? இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிடுவதுதானே வழி? – வாசகர், ஏஜக்ஸ்

பதில்: மைனஸ் 35இல், நட்டநடு இரவில், அடுத்த ஊர் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்ட ஒருவரை நான் கண்டிக்க மாட்டேன். அங்கே அது உயிர் காக்கும் விடயம். ஆனால் அதை அன்றாட வழக்கமாக்க வேண்டாம். பெரிய எஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ மூன்று லீற்றர் குடிக்கிறது. எட்டு மணி நேர உறக்கத்துக்கு 24 லீற்றர். குறைந்த சூட்டில் ஓடுவதால் கரி சேர்ந்து புகை வடிகட்டி விரைவில் அடைபடும். நகரங்களில் சட்டமும் இடங்கொடாது. ரொறன்ரோவில் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் ஓடவிடுவது துணைச்சட்டத்துக்கு மாறானது.

உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது டீசலில் எரியும் சிறிய கூலன்ற் ஹீற்றர். வெபாஸ்ரோ, எஸ்பார் என்ற பெயர்களில் ஓட்டுநர்கள் இதை அறிவார்கள். தாங்கியிலிருந்தே டீசல் எடுத்து, எஞ்சினின் கூலன்ற்றைச் சூடாக்கிச் சுற்றவிடும். 5 கிலோவாற் அளவுள்ளது முழு வேகத்தில் எரிந்தாலும் மணிக்கு அரை லீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. வலுவோ நாம் இதுவரை பேசிய மின்சார ஹீற்றரின் மூன்று மடங்கு. ஒரு குழப்பத்தை இங்கே தீர்க்க வேண்டும். படுக்கைக்கு அடியில் இருந்து கபினுக்குச் சூடான காற்று ஊதும் ஹீற்றரும் இதே கம்பனிகளுடையதுதான், ஆனால் அது எஞ்சினைச் சூடாக்காது. "எஸ்பார் இருக்கிறது" என்று கம்பனி சொன்னால், எது என்று கேட்டுத் தெளிந்துகொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: ஸ்ராட் ஆகாவிட்டால் ஈதர் (எளிதில் பற்றும் ஸ்ராட்டிங் ஸ்பிறே) அடிக்கலாமா? – வாசகர், கிச்சினர்

பதில்: உட்காற்றைச் சூடாக்கும் கம்பிவலையோ, சிலிண்டருக்குள் சூடேறும் குளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் ஒருபோதும் வேண்டாம். சிவக்கக் காய்ந்த கம்பியில் ஈதர் படும்போது அது உட்காற்றுக் குழாயிலேயே வெடிக்கும். உங்கள் எஞ்சினில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றறி இறங்கிப் போயிருந்தால் அது உறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழுதாக ஏற்றப்பட்ட பற்றறி கனடாக் குளிரில் உறையாது. இறங்கிய பற்றறியோ மைனஸ் 10 அளவிலேயே உறைந்து பக்கங்கள் வீங்கும். அதற்கு இன்னொரு வாகனத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது வெடிக்கலாம்.

கேள்வி: போன வருடம் இரண்டு முறை பிளக்கைக் கழற்றாமலே ட்ரக்கை எடுத்துவிட்டேன். ஒருமுறை வயர் அறுந்தது, மறுமுறை வளவுக்காரரின் சொக்கற்றே பிடுங்கி வந்தது. வெட்கமாக இருக்கிறது. – வாசகர், லண்டன், ஒன்ராறியோ

பதில்: அதிகாலை நான்கு மணி இருட்டில், தொப்பி காதை மூடியிருக்க, ஒருவர் மறப்பது இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாபகத்தை நம்பாமல் கையை நம்புங்கள். என்னுடன் வேலை செய்த ஓட்டுநர் ஒருவர் பிளக்கைச் செருகிய கையோடு ட்ரக்கின் சாவியைக் கழற்றி அந்தச் சொக்கற்றின் பெட்டியில் மாட்டிவிடுவார். சாவியை எடுக்கப் போனால்தான் ட்ரக்கை எடுக்கலாம், அங்கே போனால் பிளக் கண்ணில் படும். சாவியை வெளியே விட முடியாத வளவென்றால், வயரை ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடியில் ஒருமுறை சுற்றிவிட்டுப் பிறகு செருகுங்கள். ஏறுவதற்குக் கதவைத் திறக்கப் போகும்போது வயர் உங்கள் கைக்குள் வந்துவிடும்.